முட்டை அறைக் கதவு

நெதெல்கா கோழிக்கறி சாப்பிட மாட்டாள். பதினொரு வருடம் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவள் இப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். "அதுங்க மூஞ்சிய உயிரோட பாத்துட்டேன், போதும்" என்பாள். நெதெல்கா என்பது ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் வைத்த பெயர். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடைக்காத பிழைப்புதான் அவளுக்கு வாய்த்தது.

யாம்போல் நகரத்துத் தையல் பட்டறையில் பதினாறு வருடம் இத்தாலிக்காரர்களுக்குக் கால்சட்டை தைத்தாள். பட்டறையை மூடினார்கள். ஸ்பெயினுக்கு ஆரஞ்சு பறிக்கப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். மகளைத் தனியாளாக வளர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, நாற்பத்து மூன்றாவது வயதில் எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் தானெவின் பண்ணைக்கு வந்தாள். முட்டைகளைத் தரம் பிரித்து அட்டைத் தட்டுகளில் அடுக்குகிற வேலை. பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என் பெயர் கீன்கா. அவளைவிட ஏழு வயது இளையவள். என் புருஷன் அதே பண்ணையில் முட்டை வேன் ஓட்டினான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த கேவலத்துக்கு இதைத்தான் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

முன்பெல்லாம் ஜூலையில் நாலைந்து நாள்தான் தாங்க முடியாத வெயில் இருக்கும். இப்போது ஜூன் நடுவில் பிடித்தால் செப்டம்பர் வரை விடுவதில்லை. பண்ணையில் எல்லாக் கட்டடத்துக்கும் தகரக் கூரை. கோழிக் கொட்டகைகள் நாலு, ஒவ்வொன்றிலும் பதினெட்டாயிரம் கோழி. ஒரு கோடையில் கோழிகள் கொத்தாகச் செத்ததும் தானெவ் விழித்துக்கொண்டார். கொட்டகைகளுக்கு ஆளுயர விசிறிகள் வந்தன. தண்ணீர் வழிகிற தடுப்புகள் சுவரில் ஏறின. காற்று அதற்குள் புகுந்து குளிர்ந்து உள்ளே வரும். சூடு முப்பதைத் தாண்டினால் மேற்பார்வையாளன் வெஸ்கோவின் போன் அலறும். முட்டைகளுக்குத் தனியாக ஒரு குளிர் அறை, எப்போதும் பதினேழு டிகிரி. கொட்டகைக்கும் குளிர் அறைக்கும் நடுவில் எங்கள் கூடம். அங்கே விசிறி இல்லை. எங்களுக்காக அலறுகிற போனும் இல்லை.

உடைந்த முட்டை தரையில் ஓடி அந்தச் சூட்டில் பசை மாதிரி காயும். கோழி எச்சத்தின் காரம் கண்ணை அறுக்கும். ரொட்டியைப் பிட்டு வைத்தால் நமக்கு முன்னால் ஈ உட்காரும். விரட்டிவிட்டு அதையே தின்போம். கூடத்தை விட்டுக் கழிப்பறைக்குப் போனால் உடுப்பை மாற்றி, குளித்து, வேறு உடுப்போடுதான் திரும்ப உள்ளே வர வேண்டும். கோழிகளுக்கு நோய் வந்துவிடக் கூடாதாம். அதற்கு இருபது நிமிஷம் ஆகும், அந்த இருபது நிமிஷத்துக்கு வெஸ்கோ முகம் சுளிப்பான். அதனால் பெண்கள் நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். நாற்பது டிகிரியில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, முட்டை அடுக்குவோம்.

ஒரு கோடையில் நெதெல்காவே பெல்ட்டின் மேல் சாய்ந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவளிடம் சொல்லி அனுப்பினாள்: வெயில் அடித்த ஆள் உளற ஆரம்பித்தால் அப்புறம் நிமிஷக் கணக்குதான், முதலில் உடம்பைக் குளிர வையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அதை அவள் எங்கள் எல்லோருக்கும் பாடம் மாதிரி ஒப்பித்தாள். வேலைக்குத் திரும்பிய அன்றே வீட்டு ஜன்னலில் இருந்த வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வந்து கூடத்துத் தூணில் மாட்டினாள்.

"யாரு மாட்டுனது இத?" என்றான் வெஸ்கோ. தானெவின் தங்கை மகன் அவன். முப்பது வயது.

"நான்தான் தம்பி. முப்பத்தொம்பது காட்டுது, வந்து பாரு."

"இது தொங்குனா எல்லாரும் இதையே பாத்துட்டு நிப்பீங்க. வேலைய எவன் பாக்குறது?"

"எடுத்துட்டா சூடு குறைஞ்சிருமா?"

"பாக்காட்டி தெரியாதுல்ல." அவன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அப்ப என்னையும் கோழின்னு எழுதிக்கோப்பா. அதுங்களுக்கு முப்பதுல மணி அடிக்குது. முட்டை ஒண்ணுதான் போட மாட்டேன், மத்ததெல்லாம் செய்வேன்."

எந்திரங்களைப் பார்க்கும் கன்ச்சோ அண்ணன் ஏணி மேலிருந்து குரல் கொடுத்தார். "வாயக் குடுக்காத நெதெல்கா. முட்டையும் போடு, அதையும் நீயே அடுக்குன்னு சொல்லிருவான்."

எல்லோரும் சிரித்தோம். வெஸ்கோவும் சிரித்தான். கன்ச்சோ அண்ணனுக்கு அப்போது அறுபத்தொரு வயது, ஓய்வுக்கு இன்னும் சில வருடம் பாக்கி. எதையும் அடித்துப் பேச மாட்டார், இடுக்கில் நுழைந்து குத்துவார். வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து நாலு வருடமாக ராக்கியா சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர். இது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும்.

அதே வருடம் வசந்த காலத்திலேயே அவர் தானெவிடம் போய்ச் சொல்லியிருந்தார். "ஐயா, ஜெனரேட்டர் ரேடியேட்டர் முழுக்க இறகுத் தூசி. அடைச்சுப் போச்சு. மாத்தணும். நாப்பது டிகிரி வெயில்ல ஓடாது அது."

"நாப்பது டிகிரி வருஷத்துல எத்தனை நாள் வருது, கன்ச்சோ?"

"போன வருஷம் பதினாலு நாள் வந்துச்சு ஐயா."

"பாப்போம்" என்றார் தானெவ். அதோடு சரி.

கொடும் வெயில் நாட்களில் தொழிலாளர்களுக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வும் தர வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். நெதெல்கா போய்க் கேட்டாள். தானெவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "அது வெயில்ல வேலை செய்யறவங்களுக்கும்மா. உங்க தலைக்கு மேல கூரை இருக்கே." நாற்பது டிகிரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்பவளிடம் அந்த மனுஷர் இதைச் சிரிக்காமல் சொன்னார்.

அந்த ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. யாம்போல் முழுக்கக் குளிர்சாதனம் ஓடினால் எங்கள் பக்கத்துக் கம்பிகள் தாங்குவதில்லை. ஜெனரேட்டர் எழுந்து இருபது நிமிஷம் ஓடியது, பிறகு புகைந்து நின்றது. கன்ச்சோ அண்ணன் நடு வெயிலில் அதன் முன்னால் மண்டியிட்டு, கொதிக்கிற இரும்பில் கையை விட்டு ஒரு மணி நேரம் போராடினார். இன்னும் இரண்டு முறை அதை ஓட வைத்தார். மூன்றாவது முறை அது அசையவில்லை.

விசிறி நின்ற கோழிக் கொட்டகையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். கோழிகள் கத்தாது. அலகைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்து, எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும். பதினெட்டாயிரம் உடம்பின் சூடு ஒரே கூரைக்குக் கீழே. கொண்டை கறுத்துப் போகும். பிறகு சுவரோரமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை முதலில் சாகும். மூன்றாம் கொட்டகையில் ஒரு மணிக்குள் அந்தக் குவியல் என் இடுப்பு உயரம் இருந்தது.

"எல்லாரும் மூணாவதுக்கு வாங்க!" என்று வெஸ்கோ கத்தினான். "செத்ததெல்லாம் வெளிய போகணும். அடில உசுரோட இருக்குறது மூச்சு முட்டிச் சாகுது!"

கூடத்துப் பெண்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். நோய் விதியென்று தலை முதல் கால் வரை வெள்ளைப் பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிவிட்டார்கள். நெதெல்கா கத்தரிக்கோலை எடுத்துத் தன் உடுப்பை இரண்டு அக்குளிலும் கிழித்துவிட்டாள். எங்களுடையதையும் கிழிக்க வந்தாள். வெஸ்கோ பார்க்கிறான் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். கைக்கு இரண்டாகக் காலைப் பிடித்துத் தூக்கினோம். செத்த கோழி உயிருள்ள கோழியைவிடச் சூடாக இருக்கும். கால் வழுக்கும், இறகு உடுப்புக்குள் போய் ஒட்டும், அழுத்தினால் அலகு வழியாக ஏதோ ஒழுகும். ஒருத்தி முகமூடிக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள்.

ஜெனரேட்டரிலிருந்து கன்ச்சோ அண்ணனும் நேராக அங்கேதான் வந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. இரண்டு மணி வாக்கில் அவர் தள்ளுவண்டியை நடுவில் விட்டுவிட்டு நெதெல்காவிடம் போனார்.

"மாரா, என் கோட்ட எடுத்துட்டு வா. குளிருது."

மாரா என்பவள் இறந்துபோன அவருடைய தங்கை. நெதெல்கா அவர் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கீன்கா, காலப் பிடி! அடுப்பு மாதிரி கொதிக்கிறாரு." அவர் அப்படியே முட்டி மடங்கி இறந்த கோழிகளின் மேல் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார்.

அவள் கக்கத்திலும் நான் காலிலுமாகத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வந்தோம். நிழல் என்று அங்கே ஒன்றும் கிடையாது. நெதெல்கா நேராக முட்டை அறைக்கு நடந்தாள். அந்த அறைக்கு மட்டும் தனி மின்கலம் இருந்தது, உள்ளே குளிர் அப்படியே இருந்தது. கதவு பூட்டியிருந்தது. அவரைத் தரையில் இறக்கினோம். சாவி வெஸ்கோவின் கழுத்தில்.

"தொற தம்பி."

"அக்கா, இந்த உடுப்போடயா? உள்ள நாளைக்குப் போக வேண்டிய லோடு இருக்கு."

"ஆளு சாகுறாருடா!"

"கதவத் தொறந்தா சூடு ஏறி முட்டை வேர்த்துடும், அப்புறம் எவனும் வாங்க மாட்டான். ஐயாவக் கேட்டுட்டுச் சொல்றேன், இருங்க. போன எடுக்க மாட்டேங்குறாரு."

அவன் ஒரு கையில் போனைப் பிடித்திருந்தான். ஐயாவைக் கூப்பிடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் அவனுக்குப் பின்னால் நின்றதால் திரை தெரிந்தது. அவன் வீடியோ படம் எடுத்துக்கொண்டிருந்தான். திரையில் ஓடிய நேரத்தைப் பார்த்தால், கன்ச்சோ அண்ணன் கீழே விழுந்ததிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தான். நாளைக்குப் பழி தன் மேல் வராமல் இருக்க ஒரு அத்தாட்சி. மனிதன் தரையில் கிடந்து கை கால் உதறுகிறான். இவன் சட்டகத்துக்குள் முழு ஆளும் வருகிறாரா என்று ஓரடி பின்னால் நகர்கிறான்.

நெதெல்கா பெட்டி நெம்பும் கடப்பாரையை எடுத்துவந்தாள். நாலு அடி. பூட்டோடு கைப்பிடி பெயர்ந்து விழுந்தது. முட்டைத் தட்டுகள் அடுக்கிய வரிசைக்கு நடுவே அவரைப் படுக்க வைத்து, உடுப்பைக் கிழித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம். யாம்போலில் அன்று எல்லா வண்டியும் இதே வேலையாக அலைந்துகொண்டிருந்தது.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் தானெவ் வந்தார். காரை விட்டு இறங்கியதும் கேட்டார்: "எத்தனை?"

"இன்னும் முழுசா எண்ணல ஐயா, பதினோராயிரம் இருக்கும்" என்றான் வெஸ்கோ.

பிறகுதான் உடைந்த கதவையும் உள்ளே கிடந்தவரையும் பார்த்தார். "இவர ஏன் இங்க போட்டிருக்கீங்க? ஆபீஸ் சோபாவுல போடுங்க." நெதெல்கா எழுந்திருக்கவே இல்லை. வாளியைத் தலைக்கு மேல் தூக்கியபடி, "நீங்க போய் உங்க கோழிய எண்ணுங்க ஐயா" என்றாள். ஊற்றிய தண்ணீர் தெறித்து அவருடைய காலணி நனைந்தது.

அன்று சாயங்காலமே காப்பீட்டுக்காரர் வந்துவிட்டார். முகமூடி, கையுறை, வெளியே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும் கார். செத்த கோழிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிணங்களை எடுத்துப் போகும் லாரி மட்டும் மூன்று நாள் வரவில்லை, எல்லாப் பண்ணையிலும் இதே கதை. தொட்டிகளில் கோழிகள் ஊதி வெடித்தன. கறுப்பு நீர் ஒழுகிச் சாலை வரைக்கும் ஓடியது. நாங்கள் அதன் மேல் சுண்ணாம்பு கொட்டினோம். கொட்டக் கொட்ட அடியில் புழு நெளிவது மேலே தெரிந்தது. வீட்டில் எத்தனை முறை குளித்தும் என் தலைமுடியில் அந்த வாடை போகவில்லை. என் புருஷன் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கன்ச்சோ அண்ணன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சிறுநீரகம் நின்று, பிறகு இதயம். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். அவருடைய மனைவி ஸ்தோய்னா முற்றத்தில் மேசை போட்டு, துக்க வீட்டு வழக்கப்படி வேகவைத்த கோதுமையும் ரொட்டியும் வைத்திருந்தாள். அங்கே பண்ணை வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் என் புருஷன். "ஐயா அனுப்பிச்சாரு, துக்கத்துக்கு வந்தவங்களுக்கு" என்று ஆறு தட்டு முட்டையை இறக்கினான். ஸ்தோய்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுஷர், மறக்கல" என்றாள்.

நெதெல்கா எழுந்து போய் ஒரு தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தாள். அட்டை நனைந்து, ஊறி, பிறகு காய்ந்து உப்பியிருந்தது. ஒரு ஓரத்தில் யாருடைய கைத்தடமோ கறுப்பாகப் பதிந்திருந்தது. எனக்கும் உடனே புரிந்தது. கன்ச்சோ அண்ணன் கிடந்த வரிசையின் தட்டுகள் அவை. அவர் மேல் ஊற்றிய தண்ணீரில் நனைந்தவை. விற்க முடியாது என்று ஒதுக்கியதைச் செத்தவன் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்.

நெதெல்கா ஸ்தோய்னாவிடம் அதைச் சொல்லவில்லை. "இது உடைஞ்சிருக்கு ஸ்தோய்னா, நான் மாத்திட்டு வரேன்" என்று மட்டும் சொல்லி ஆறு தட்டையும் மறுபடி வேனில் ஏற்றச் சொன்னாள்.

மறுநாள் காலை அவற்றை வெஸ்கோவின் மேசைமேல் வைத்தாள். கூடத்திலிருந்து நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒண்ண உடைச்சுக் குடி."

"அக்கா, எனக்கென்ன தெரியும்? ஐயா அனுப்பச் சொன்னாரு."

"நல்ல முட்டைதானே? புருஷன இழந்தவளுக்கு அனுப்புனது. நீ ஒண்ணு குடி, மிச்சத்த நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

அவன் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டான். "த்தூ" என்றாள் நெதெல்கா. துப்பவில்லை, வார்த்தையாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் ஒரு காகிதம் வந்தது. சம்பவ தினத்தன்று கன்ச்சோவிடமிருந்து மது வாடை வீசியது என்று எழுதி, கீழே எங்கள் பெயர்கள் வரிசையாக. வெஸ்கோ ஒவ்வொருவரிடமும் பேனாவை நீட்டினான். "போனவரு திரும்ப வரப் போறதில்ல. பண்ணைய மூடுனா நம்ம எல்லாருக்கும்தான் சோறு போகும். கீன்கா அக்கா, உங்க வீட்டுக்காரரும் இங்கதானே இருக்காரு." மிரட்டவில்லை. கரிசனமாகத்தான் கேட்டான்.

நான் கையெழுத்துப் போட்டேன். நாலு வருடமாக ராக்கியாவைத் தொடாதவர் என்று தெரிந்தே போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நெதெல்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் நெளிந்த புழுவைப் பார்த்த அதே முகம். "அந்தப் பேனாவ இங்க நீட்டாத" என்றாள் வெஸ்கோவிடம். பதினோரு கையெழுத்து விழுந்தது. அவளுடைய இடம் காலியாகப் போனது.

செவ்வாய்க்கிழமை அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். முட்டை அறையின் சுகாதாரத்தைக் கெடுத்தார், நிறுவனத்தின் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று கடிதம். சாட்சியாக வெஸ்கோ எடுத்த படம். அவள் கடப்பாரையால் அடிக்கிற பன்னிரண்டு நொடி மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள்.

தொழிலாளர் ஆய்வாளர் வர ஒரு வாரம் ஆனது. நாற்பது வயதுப் பெண்மணி. அவரை முட்டை அறைக்கு அழைத்துப் போய், இதுதான் வேலை செய்யும் இடம் என்று தானெவ் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பதினேழு டிகிரி என்று குறித்துக்கொண்டார். அவர் கார் வெளியேறும்போது நெதெல்கா வாசலுக்கு வெளியே சாலை நடுவில் நின்றாள். எத்தனை மணி நேரமாக அந்த வெயிலில் நின்றாளோ. கம்பிக் கேட்டுக்கு உள்ளே நான் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நீங்க பாத்தது முட்டை இருக்குற ரூமு. மனுஷங்க இருக்குற ரூமுக்கு வாங்க, நான் காட்டுறேன்."

"அவர் குடிச்சிருந்தாருன்னு பதினோரு பேரு எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா."

"பதினோரு பேரும் பொய்."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

நெதெல்கா கேட்டுக்குள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து தட்டுகளை எண்ணுவதுபோல நடித்தேன். கார் போய்விட்டது.

செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஒரு சொட்டு மதுகூட இல்லை. இனி உண்மையைச் சொல்ல வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். வெஸ்கோ இரண்டாவது காகிதத்தோடு வந்தான்.

"இது வேற அக்கா. படிச்சுப் பாருங்க."

படித்தேன். சூடாக இருந்த மனிதரை நெதெல்கா யார் அனுமதியும் இல்லாமல் குளிர் அறைக்குள் இழுத்துப் போனதாகவும், திடீர்க் குளிர் தாக்கித்தான் அவருடைய இதயம் நின்றதாகவும் எழுதியிருந்தது.

"இதுல அவளக் கொலைகாரின்னு எழுதியிருக்கு, வெஸ்கோ."

"அப்படி எழுதல அக்கா. நடந்தத எழுதியிருக்கு. நீங்க அந்த ரூமுல இருந்தீங்கல்ல?"

"இருந்தேன். தண்ணி ஊத்துனேன்."

"அது எழுத வேணாம்."

அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்டது கோபம் இல்லை. நான் பெரிய மனுஷியாக எழுந்து நின்றேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குமட்டியது, அவ்வளவுதான். அழுகிய முட்டையை வாயருகே பிடித்தால் உடம்பு தானாகப் பின்வாங்குமே, அப்படி என் கை பின்வாங்கியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏப்ரனைக் கழற்றினேன். அன்றே யாம்போலுக்குப் பஸ் ஏறி, ஸ்தோய்னா போட்டிருந்த வழக்கில் அவளுக்காக வாதாடும் வழக்கறிஞரிடம் போய் என் கையால் எழுதிக் கொடுத்தேன். முதல் காகிதம் பொய். நான் தெரிந்தே போட்ட கையெழுத்து. வெஸ்கோ படம் எடுக்க ஆரம்பித்தது கதவுக்கு முன்னால் இல்லை, ஆள் விழுந்தபோதே. முழுப் படத்தையும் கேளுங்கள்.

கேட்டார்கள். முதலில் இல்லை என்றான் வெஸ்கோ. அழித்துவிட்டேன் என்றான். நீதிமன்றம் போனையே வாங்கியது. பதினொரு நிமிஷம் ஓடுகிற படம். நீதிமன்ற அறையில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். கன்ச்சோ அண்ணனின் குதிகால் சிமெண்டில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே வெஸ்கோவின் குரல் தெளிவாக: "முட்டை வேர்த்துடும்." ஸ்தோய்னா அதைக் கேட்டு அழவில்லை. காதுக்குள் ஏதோ போய்விட்டதுபோலத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உலுக்கினாள். டாக்டர் ஒருவர் வந்து, அன்று அவருக்குக் கிடைத்த ஒரே சரியான வைத்தியம் அந்தக் குளிர் அறையும் தண்ணீரும்தான், அது இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்க வேண்டும் என்று சாட்சி சொன்னார்.

வேலையிடத்து மரணம் என்று தீர்ப்பானது. ஸ்தோய்னாவுக்கு அதற்கான ஓய்வூதியம் வருகிறது. தண்டனை வெஸ்கோவுக்கு, அதுவும் சிறைக்குப் போகாத தண்டனை. தானெவ் எழுந்து நின்று, கதவைத் திறக்க வேண்டாம் என்று தான் யாருக்கும் சொன்னதில்லை, சாவி வெஸ்கோவிடம்தான் இருந்தது என்றார். அது உண்மைதான். அவர் சொல்லவே தேவையிருக்கவில்லை. தங்கை மகனை அங்கேயே கழற்றிவிட்டுப் போன அந்த மனுஷர் வாசலில் ஸ்தோய்னாவுக்குக் கை கொடுக்க வந்தார். அவள் இரண்டு கையையும் பையைப் பிடித்துக்கொள்ளப் பயன்படுத்திக்கொண்டாள்.

மூன்றாம் கொட்டகையில் மறுபடி பதினெட்டாயிரம் கோழி. புது ஜெனரேட்டர் வந்துவிட்டது. தொழிலாளர்களுக்கென்று ஒரு தகரப் பெட்டி அறையில் குளிர்சாதனம் வைத்து, வாசலில் பலகை எழுதி, அதிகாரிகளைக் கூப்பிட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த கோடைக்குள் அதில் கோழித் தடுப்பூசிப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்களாம். சூட்டில் மருந்து கெட்டுவிடும் என்று காரணம். இப்போதும் அங்கே வேலை பார்ப்பவர்கள் சொன்னது.

என் புருஷனுடைய வேன் வேலையும் போயிற்று. இப்போது ரொட்டிக் கடைக்கு ஓட்டுகிறான். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் இருக்கிறேன். நெதெல்கா, கன்ச்சோ அண்ணன் இறந்த ஆஸ்பத்திரியிலேயே துணி வெளுக்கும் பிரிவில் சேர்ந்துவிட்டாள். அங்கேயும் கொதிக்கிறது, நீராவி முகத்தில் அடிக்கிறது. "ஆனா ஜன்னல் இருக்குடி, நான் தொறந்தா யாரும் கேக்கறதில்ல" என்கிறாள்.

காலையில் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். எனக்கு முன் நிறுத்தத்தில் ஏறுகிறாள், தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள். வெயிலைப் பற்றிப் பேசுகிறோம், அவள் பேரனைப் பற்றி, ஸ்தோய்னாவின் முழங்கால் வலியைப் பற்றி. அந்தப் பதினோரு கையெழுத்தைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் என் வீட்டுக்கு எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன், வாசல் வரை வந்து நின்று பேசிவிட்டுப் போகிறாள். உள்ளே வந்து ஒரு கிளாஸ் மோர்கூட இன்னும் குடிக்கவில்லை. அதற்கு அவளை நான் குறை சொல்ல முடியாது.